ஊர்ப் பானை வீட்டு அடுப்புக்கு வந்த வருஷம்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு வந்தது. அன்று நள்ளிரவே கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு. அந்த நாட்களின் சமையல் என்றதும் பலருக்கு டல்கோனா காப்பியும், குக்கரில் வைத்த கேக்கும், வீட்டிலேயே வீசிப் பார்த்த பரோட்டாவும் ஞாபகம் வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. தெருவில் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்க வேண்டிய உணவுகள் எல்லாம் அந்த வருஷம் வீட்டுக்குள் வந்துவிட்டன. நீர்மோரும் பானகமும், நோன்புக் கஞ்சி, ஆடிக் கூழ். இவற்றில் எதையும் நாம் வீட்டுச் சமையல் என்று நினைத்ததே கிடையாது. அண்டாவில் காய்ச்சி ஊருக்கு ஊற்றுவது அவற்றின் இயல்பு. அண்டா ஏறாத வருஷத்தில் அவற்றை மூன்று லிட்டர் பாத்திரத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. அது நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை.

காலண்டரை எடுத்துப் பார்த்தாலே தெரியும். ஏப்ரல் 2 ராமநவமி, ஏப்ரல் 6 பங்குனி உத்திரம், 14 சித்திரை முதல் நாள், 25 ரமலான் முதல் நோன்பு. மே 4 அன்று மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. வீட்டில் நேரலையைப் பார்த்தபடியே பெண்கள் தாலிச் சரடு மாற்றிக்கொண்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அழகருக்காகத் தெருவெல்லாம் போடும் தண்ணீர்ப் பந்தல்களும் அந்த வருஷம் இல்லை. ஜூலை நடுவில் ஆடி பிறந்தபோது இன்னொரு சிக்கல்: ஜூலையிலும் ஆகஸ்டிலும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. கூழ் வார்ப்பதற்கென்றே இருக்கிற ஆடி ஞாயிறுகள் மொத்தமும் அதில் போய்விட்டன. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 அன்றுதான் திறந்தன.

செய்முறைக்குப் போவதற்கு முன் அளவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தோற்றுப்போன கஞ்சிகளில் பாதி அங்கேதான் தோற்றன. ஊர்ப் பானையின் கணக்கு படியிலும் மரக்காலிலும் இருக்கும். படிக்கு எட்டு ஆழாக்கு. ஓர் ஆழாக்கை ஏறத்தாழ 168 மில்லி என்று சொல்வார்கள். ஊருக்கு ஊர் படி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். மின்சார ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. ஆகவே அந்தக் கப்பை ஆழாக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் “ஆழாக்கு அரிசிக்கு இவ்வளவு” என்று போனில் சொன்னதை அப்படியே அளக்க அது போதும். கீழே கப் என்று வருவதெல்லாம் இந்த 180 மில்லி கப்தான்.

ஆனால் அளவை வகுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. முந்நூறு லிட்டர் அண்டாவையும் மூன்று லிட்டர் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு நூறில் ஒன்றாகக் குறையும்போது, உள்ளே இருக்கும் பொருளோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு ஏறக்குறைய நாலரை மடங்கு கூடிவிடுகிறது. சின்னப் பாத்திரம் அந்த வேகத்தில் ஆறும், அந்த வேகத்தில் தண்ணீரை இழக்கும். அண்டாவில் மூன்று மணிக்கு இறக்கிய கஞ்சி ஆறரைக்கும் கை சுடும். வீட்டுச் சட்டியில் ஒரு மணி நேரத்தில் வெதுவெதுப்பாகி ஆடை கட்டிவிடும். உப்பு, நேரம், பதம் மூன்றும் மாறுவது இதனால்தான்.

பானகமும் நீர்மோரும் அடுப்பேறாதவை, அவற்றில் பெரிய சிக்கல் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வெல்லம். ஊறவைத்துக் கரைத்து, துணியில் வடிகட்டி, அடியில் நிற்கும் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் மூன்று, ஓர் எலுமிச்சையின் சாறு. பச்சைக் கற்பூரம் கடுகளவு. அதற்கு மேல் ஒரு துணுக்கு விழுந்தாலும் கசந்து தொண்டையில் நிற்கும். பந்தலில் நாற்பது லிட்டருக்கு ஒரு சிட்டிகை போடுகிறவர்களின் கைப்பழக்கம் வீட்டில் ஆகாது. கடுகளவைத் தனியாக ஒரு கரண்டி வெல்லத் தண்ணீரில் நசுக்கிக் கரைத்து, அதில் பாதியை மட்டும் முதலில் ஊற்றிப் பாருங்கள். நீர்மோருக்குக் கெட்டித் தயிர் ஒரு கப், தண்ணீர் மூன்று கப். தயிரைத் தண்ணீர் விடாமல் கடைந்து, பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீரோடு சேர்த்துக் கடைந்தால் திப்பி திப்பியாக மிதக்கும்.

நோன்புக் கஞ்சிக்கு வருவோம். பள்ளிவாசலில் நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பிறகு அடுப்பு மூட்டி, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஊற்றத் தொடங்குவார்கள். தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் எந்த வீட்டுப் பிள்ளை, எந்த மதத்துப் பிள்ளை என்று யாரும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் நோன்புக் கஞ்சியின் ருசி தெரிந்தவர்களில் பாதிப் பேர் நோன்பு வைக்காதவர்களாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. கஞ்சிக்காக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுப்பது பல வருஷ வழக்கம். 2020இல் பள்ளிவாசலில் காய்ச்ச வழியில்லாததால் அரிசியை வீடுகளுக்கே பிரித்துக் கொடுக்க முடிவானது. அரிசி வந்துவிட்டது, அண்டாவில் காய்ச்சும் சமையல்காரரான பண்டாரியின் கை வரவில்லை. குக்கரில் வைத்த முதல் நாள் கஞ்சி பல வீடுகளில் கஞ்சியாக இல்லாமல் மசாலாத் தண்ணீரில் மிதக்கும் சோறாக இருந்தது.

காரணம் எளியது. அண்டாவில் இரண்டு மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பதால் அரிசி உடைந்து, அதன் மாவுச்சத்து தண்ணீரில் இறங்கி, கஞ்சி முழுக்க ஒரே உடம்பாகிறது. குக்கரில் கிண்டுவது கிடையாது. அரிசி வேகும், உடையாது. எனவே அந்த உடைப்பை நாம் முன்கூட்டியே செய்துவிட வேண்டும்.

ஒரு கப் பச்சரிசியை (ஏறத்தாழ 150 கிராம்) கழுவி நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓட்டிக் குருணையாக்குங்கள். சல்லடையில் சலித்து மாவை எடுத்துவிட வேண்டும். மாவு இருந்தால் அடியில் ஒட்டிப் பசையாகும். குருணையோடு கால் கப் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்த்து அரை மணி நேரம் ஊறட்டும். வெந்தயம்தான் கஞ்சிக்கு வழுவழுப்பும் பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்குக் குளிர்ச்சியும் தருவது என்பார்கள். ஆனால் ஒன்றரைத் தேக்கரண்டி ஆனாலே கசப்பு தலைதூக்கும்.

ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, விரல் நீளத்தில் பாதி பட்டை, மூன்று கிராம்பு, இரண்டு ஏலக்காய். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து வீடுகளில் வாசனைக்கு ஒரு துண்டு ரம்பை இலையும் விழும். பதினைந்து சின்ன வெங்காயத்தை நறுக்கி வதக்கி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, இரண்டு பச்சைமிளகாய், இரண்டு தக்காளி, கால் தேக்கரண்டி மஞ்சள் தூள், ஒரு பிடி புதினா மல்லியில் பாதி. கொத்துக்கறி போடுவதானால் 100 கிராம், இந்த இடத்தில் போட்டு நிறம் மாறும்வரை வதக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கறிக்கடை திறக்காத நாள் நிறைய இருந்தது. கறி இல்லாவிட்டால் கஞ்சி குறைபட்டதாக நினைக்க வேண்டாம், பொடியாக அரிந்த கேரட்டே போதும். பெரும்பாலான பள்ளிவாசல் அண்டாக்களில் இருப்பதும் அதுதான்.

பட்டை கிராம்பை அளவில் வகுக்கும்போது கவனம் வேண்டும். அண்டாவில் மணிக்கணக்காகக் கொதிப்பதில் வாசனையில் பெரும்பங்கு ஆவியோடு போய்விடும், அதைக் கணக்கில் வைத்தே பண்டாரி போட்டிருப்பார். குக்கரில் மூடி இருக்கிறது, நேரமும் குறைவு. அண்டாக் கணக்கை அப்படியே வகுத்துப் போட்டால் பிரியாணித் தண்ணீர் போல மணக்கும். வகுத்து வந்ததில் முக்கால் பங்கு போதும்.

பிறகு ஊறிய அரிசி பருப்பு, ஏழு கப் தண்ணீர். குக்கர் பாதிக்கு மேல் நிறையக்கூடாது. கஞ்சி நுரைத்து மேலே வரும்போது விசில் துவாரத்தை அடைத்துக்கொள்ளும், அது ஆபத்து. ஐந்து விசில், பிறகு ஏழெட்டு நிமிஷம் சிறு தீ. ஆவி தானாக அடங்கியதும் திறந்து, மத்தின் பின்புறத்தாலோ கரண்டியாலோ ஐந்து நிமிஷம் விடாமல் மசித்துக் கிளற வேண்டும். இந்த ஐந்து நிமிஷத்தை விட்டவர்களுக்குத்தான் சோறு மிதந்தது. அரை மூடித் தேங்காயில் எடுத்த இரண்டாம் பால் இரண்டு கப் ஊற்றி ஒரு கொதி. கெட்டியான முதல் பால் ஒரு கப்பைக் கடைசியில், தீயைக் குறைத்து ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் சேராது. மீதிப் புதினா மல்லி மேலே. ஐந்தாறு பேருக்கு வரும்.

உப்பு இதில் தனிப் பிரச்சினை. கஞ்சி காய்ச்சுகிறவரும் நோன்பாளி. ருசி பார்த்துத் திருத்துவதைப் பெரும்பாலும் அவர் தவிர்ப்பார், நோன்பு வைக்காத சிறு பிள்ளையின் நாக்கைத்தான் நம்ப வேண்டும். வீட்டில் அப்படி யாரும் இல்லாதபோது அளவுதான் துணை. இந்த இரண்டு லிட்டர் கஞ்சிக்குத் தூள் உப்பு, தலை தட்டிய இரண்டு தேக்கரண்டி, அதாவது 12 கிராம். கல் உப்பானால் கரண்டிக் கணக்கை நம்பாமல் எடை போடுங்கள். வடை, சமோசா தொட்டுக்கொள்வதாக இருந்தால் ஒன்றே முக்கால் போதும், அவற்றிலும் உப்பு இருக்கிறது.

நேரத்தையும் மாற்ற வேண்டும். மே மாதத்தில் தமிழ்நாட்டில் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு ஆறரை மணியை ஒட்டி வருகிறது. வீட்டில் ஐந்தேகாலுக்குக் குக்கரை ஏற்றினால் ஆறேகாலுக்கு இறக்கலாம். சீக்கிரம் செய்துவிட்டால் ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடுங்கள். நின்ற கஞ்சி இறுகும். அது தண்ணீர் வற்றியதால் மட்டும் அல்ல, ஆறும்போது மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துக்கொள்வதாலும்தான். இளக்கக் கொதித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாகப் பிரிந்து, ருசியும் போய்விடும். மிஞ்சியதை விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு வைத்துக்கொள்ளலாமா என்றால், தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி மே மாத வெக்கையில் மூன்று நாலு மணி நேரத்தில் கெடத் தொடங்கும். ஆறியதும் பிரிட்ஜில் வைத்து, நன்றாகக் கொதிக்கவைத்தே எடுக்க வேண்டும்.

கொடுப்பதிலும் ஒரு முறை தானாக உருவானது. நம் ஊர்களில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கமில்லை; கஞ்சி வந்த கிண்ணம் இரண்டு வாழைப்பழத்தோடோ ஒரு கரண்டி சர்க்கரையோடோதான் திரும்பும். கொரோனாவில் பால் பாக்கெட்டைக்கூடச் சோப்புத் தண்ணீரில் கழுவிய நாட்களில் அந்தப் போக்குவரத்து நின்றது. அதற்குப் பதில் வாங்குகிறவர் தன் பாத்திரத்தைக் கேட் ஓரத்துத் திண்ணையில் வைத்துவிட்டு விலகி நிற்பார், கொடுக்கிறவர் கரண்டி படாமல் மேலிருந்து ஊற்றுவார். கஞ்சி கை மாறியது, பாத்திரம் மாறவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் இதுவும் பாதுகாப்பு. வெதுவெதுப்பான கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுப்பது அந்த நாட்களில் மட்டும் அல்ல, எந்த நாளிலும் சரியில்லை.

அடுப்பில்லாதவர்களுக்கு இந்த வீட்டுக் கஞ்சி போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேன்சன் அறைகளில் தனியாக இருந்தவர்களுக்குப் பள்ளிவாசல் கஞ்சி பாதி இரவுச் சாப்பாடு. அவர்களுக்கு அண்டா இல்லாத மாதம் பெரிய இழப்பு. சென்னையில் மூடாமல் நடந்த பொதுப் பானை அம்மா உணவகம்தான். அங்கே கிடைத்த இட்லி அந்த மாதங்களில் எத்தனை பேரின் காலை உணவாக இருந்தது என்பதை வரிசையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆடிக் கூழுக்கு வழக்கமாக வீட்டுக்குப் படிக் கணக்கில் கேழ்வரகு வசூலித்து, கோயில் வாசலில் கலந்து காய்ச்சுவார்கள். பல வீட்டுத் தானியம் ஒரே பானையில் சேர்வதுதான் அதன் பொருளே. அந்த வருஷம் ஒவ்வொரு வீடும் தன் கேழ்வரகைத் தானே காய்ச்சி, வாசலில் வேப்பிலை சொருகி, சாமி படத்துக்கு முன் படைத்தது.

மில்லுக்குப் போய் அரைக்க முடியாதவர்கள் பாக்கெட் மாவை வாங்கினார்கள். இங்கே ஒரு தவறு நிறைய வீடுகளில் நடந்தது. சத்து அதிகம் என்று முளைகட்டிய கேழ்வரகு மாவை வாங்கிவிட்டார்கள். முளைவிடும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி கிளம்பிவிடுகிறது. அந்த மாவில் எவ்வளவு நேரம் கிண்டினாலும் கூழ் கெட்டிப்படாது, நீர்த்து இனிப்புத் தட்டும். குழந்தைக் கஞ்சிக்கு அது நல்லது, கூழுக்கு ஆகாது. பாக்கெட்டில் முளைகட்டாத மாவு என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஞாயிறு கூழ் என்றால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கிவிட வேண்டும். இரண்டு கப் மாவை இரண்டரைக் கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மண் சட்டியிலோ பீங்கானிலோ மூடி வையுங்கள். அண்டா அளவு மாவில் புளிப்பு தானே பிடித்துக்கொள்ளும், உள்ளே உண்டாகும் சூடு வெளியே போகாது. வீட்டளவு மாவுக்கு ஒரு கை கொடுக்க வேண்டும்: பழைய சோற்று நீராகாரம் இரண்டு கரண்டி, இல்லையென்றால் புளித்த இட்லி மாவு ஒரு தேக்கரண்டி. உப்பு இப்போது போடக்கூடாது, புளிப்பை அது மந்தப்படுத்தும். மாலை ஆறு மணி வாக்கில் மேலே சிறு குமிழும் இளம் புளிப்பு வாசனையும் வந்திருக்கும்.

அரைக் கப் நொய்யை ஆறு கப் தண்ணீரில் குழைய வேகவிட்டு, அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே கரைத்த மாவை ஒருவர் மெல்லிய தாரையாக ஊற்ற, இன்னொருவர் கிண்ட வேண்டும். நொய் அரை வேக்காட்டில் இருக்கும்போது மாவை ஊற்றினால், கெட்டிப்பட்ட கூழில் அது பிறகு வேகவே வேகாது, பல்லில் மணல் போல நெருடும். உலர்ந்த மாவைக் கொதிநீரில் தூவுவதும் வேண்டாம். வெளிப்புறம் உடனே வெந்து உறை போட்டுக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு அப்படியே நிற்கும். அந்தக் கட்டியை நசுக்கினாலும் கரையாது.

மாவு விழுந்த பிறகு சிறு தீயில் பதினைந்து முதல் இருபது நிமிஷம். சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தது கருஞ்சிவப்பாக மாறி மினுமினுக்கும், “பொத் பொத்” என்று குமிழ் வெடிக்கும். அந்த நேரம் கையில் தெறித்தால் தோல் உரியும், ஆகவே நீளக் காம்புக் கரண்டி வேண்டும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. வேகாத கேழ்வரகு பச்சை வாடை அடிக்கும், வயிற்றையும் உப்பவைக்கும்.

இறக்கி, நன்றாக ஆறவிட்டு மூடி, இரவு முழுக்க வெளியிலேயே இருக்கட்டும். தேங்காய்ப்பால் கஞ்சி நாலு மணி நேரம் தாங்காதபோது கூழ் எப்படி இரவெல்லாம் தாங்குகிறது என்று கேட்கலாம். மாவிலேயே ஏறிவிட்ட புளிப்பு அதைக் காக்கிறது. அதனால்தான் புளிக்கவைக்காமல் அவசரமாகக் காய்ச்சிய கூழை இப்படி வெளியில் வைக்கக்கூடாது. காலையில் ஒரு பிடி கூழுக்கு அரை டம்ளர் மோர், உப்பு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம். ஆறாத கூழில் மோர் ஊற்றினால் திரிந்துவிடும். மோரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கையால் பிசைந்து கரைப்பதுதான் சரி, கரண்டி அந்த வேலையைச் செய்யாது. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், முருங்கைக்கீரைப் பொரியல், விரதமில்லாத வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அந்த ஆடியில் ஞாயிறு அன்று கடைகள் கிடையாது என்பதால் தயிர், வெங்காயம், கீரை எல்லாம் சனிக்கிழமையே வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. சனி வாங்கிய கீரையை ஈரத்துணியில் சுற்றி வைத்தவர்களுக்கு மறுநாள் பொரியல் கிடைத்தது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தவர்களுக்கு மஞ்சள் இலைதான் மிஞ்சியது.

2022 சித்திரையில் அழகர் மறுபடி ஜனங்களுக்கு நடுவே வைகையில் இறங்கினார். வீட்டளவில் கற்றவர்கள் அண்டாவுக்குத் திரும்பும்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். நூறு பேர் கூழுக்கு மாவு நான்கு கிலோ, நொய் ஒரு கிலோ. தண்ணீரை மட்டும் வீட்டுக் கணக்கிலிருந்து பெருக்கியதில் பத்தில் ஒரு பங்கு குறைத்து ஊற்றுங்கள், பெரிய பானையில் அவ்வளவு வற்றாது. புளிப்புக்கு நீராகாரம் தேவையில்லை. அடிப்பகுதி இருபது நிமிஷத்தில் வெந்து மேல்பகுதி வேகாமல் நிற்கும், ஆகவே நாற்பது நிமிஷமாவது துடுப்பை அடிவரை விட்டுப் புரட்ட வேண்டும், அதற்கு இரண்டு பேர் மாற்றி மாற்றி நிற்க வேண்டும். இரவு ஆறவைக்கும்போது அண்டாவிலேயே விடாமல் நாலைந்து அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள், நடுவில் சூடு நின்றுவிட்டால் காலைக்குள் அளவுக்கு மீறிப் புளித்துவிடும். மோரை மொத்தக் கூழிலும் ஒரேயடியாக ஊற்றிவிடாமல், வரிசை நகர நகர ஒரு குடம் கூழை மட்டும் எடுத்துக் கரைத்துக்கொண்டே போனால் கடைசியாக நிற்பவருக்கும் முதலில் வந்தவருக்குக் கிடைத்த அதே கூழ் கிடைக்கும்.